இருபத்தொன்பதே கால்

மார்ச் பத்தொன்பது, விடிகாலை நாலேகால்.
திரோம் பள்ளத்தாக்கில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாலு பாகை.
இழப்பீட்டுப் படிவத்தில் "பேரிடரின் தன்மை" என்ற கட்டத்தில்
சொலாஞ்ச் வெர்னெத் ஒரே சொல் எழுதியிருந்தார்:
மார்ச்.

அதைத் திருப்பி அனுப்புவது என் வேலை.
அனுப்பவில்லை.
ஓரத்தில் பென்சிலால் "உறைபனி" என்று எழுதிவைத்தேன்.

நான்காம் நாள் போனோம், மூன்று பேர்.
அதிகாரி த்ரூஷே,
பக்கத்து ஊர் விவசாயி எவாரிஸ்த் கொம்ப்,
பிளேடும் அட்டையுமாக நான்.

பாதையில் எரிந்து தீர்ந்த மெழுகுச் சட்டிகள்,
கருத்த வாயோடு, வரிசையாக, நானூறு.
ரசீதுகளைக் கிளிப் போட்டு நீட்டினார்.
தடுக்கச் செய்த செலவு இழப்பில் சேராது என்றார் த்ரூஷே.
நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

மரங்களைப் பார்த்தால் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை.
ஆப்ரிகாட் பூ, வெள்ளைவெளேரென்று,
கல்யாண வீட்டு வாசல் மாதிரி.
பூவைப் பிளந்தால்தான் தெரியும்:
நடுவில் பச்சை என்றால் உயிர்,
கருப்பு என்றால் இல்லை.

என் மொழியில் பூவுக்கு எத்தனை பெயர்.
அரும்பு, முகை, போது, மலர்;
உதிர்ந்தால் வீ, வாடினால் செம்மல்.
காம்பில் நின்றபடி, சிரித்தபடி,
உள்ளே செத்துப்போன பூவுக்கு மட்டும் பெயரில்லை.
படிவத்தில் இருக்கிறது: இ-4.

கீழ்த்தோட்டம், ஒரு ஹெக்டேர்.
நூறு பூ பிளந்தேன், எண்பத்தொன்று இ-4.
குளிரும் தண்ணீர் மாதிரிதான், பள்ளம் பார்த்து ஓடும்.
மேல்தோட்டம், மூன்று ஹெக்டேர்.
அங்கே நூற்றுக்குப் பன்னிரண்டு.
விரல் நுனியெல்லாம் மகரந்தம்.
போனில் கணக்குப் போட்டேன், மறுபடி போட்டேன்.
மொத்தப் பண்ணைக்கு
இருபத்தொன்பதே கால்.

முப்பது இருந்தால் பணம் வரும்.

யாரும் பேசவில்லை.
அந்த அம்மாள் என் பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கொம்ப் மட்டும் கல்சுவரில் உள்ளங்கையை வைத்தார்,
மாட்டின் விலாவைத் தொடுகிற மாதிரி.
"வெதுவெதுப்பு இன்னும் இருக்கு.
பகல் வெயிலை வாங்கி ராத்திரி முழுக்க மரத்துக்குக் கொடுக்கும் சுவர்.
சொலாஞ்ச், இவங்களை ஏன் இங்கே கூட்டிட்டு வந்தே?"

அவர் முகம் சிவந்தது.
"இதுங்கதான் நல்லா இருக்கு" என்றார்.
விருந்தாளி வந்தால்
ஒழுகாத அறையைத்தானே முதலில் திறந்து காட்டுவோம்.

த்ரூஷே வானத்தைப் பார்த்தார்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
விதி புத்தகத்தில் "குறுக்குவாட்டில்" என்று ஒரு சொல் உண்டாம்.
தோட்டத்தின் நடுவில், குறுக்குவாட்டில்,
இன்னொரு நூறு.
பதினைந்து.
மூன்று பூ கூடுதல், அவ்வளவுதான்.
முப்பத்தொன்றரை.

முதல் தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை யாரும்.
மடித்து என் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

பணம் பதினான்கு மாதம் கழித்து வந்தது.
அதற்குள் இன்னொரு மார்ச் வந்து,
ஒன்றும் செய்யாமல் போயிருந்தது.
அந்த வருஷம் கிளை முறியக் காய்ப்பு.
எல்லார் தோட்டத்திலும் காய்ப்பு.
கிலோ விலை பெட்டிக் கூலிக்குக் காணாது என்று செய்தியில் சொன்னார்கள்.
கீழ்த்தோட்டத்து மரங்களை
அவர் அதற்கு முன்பே வேரோடு பிடுங்கிவிட்டார்.

ஒரு மத்தியானம் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.
நன்றி சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை.
பின்னால் டிராக்டர் சத்தம்.
"வங்கியில் பணம் விழுந்திருக்கு.
எந்த வருஷத்துப் பணம் இது?"

கோப்பு எண்ணைச் சொன்னேன்.
மெல்ல ஒவ்வொரு இலக்கமாகத்
திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.